பயன்படுத்திய ஊசி குத்திவிட்டதா? அச்சத்தைவிட நேரமே முக்கியம்: பணியாளர்கள் அறிய வேண்டியவை

மருத்துவமனை, ஆய்வகம், பல் மருத்துவ நிலையம் ஆகியவற்றில் பணிபுரிவோருக்கும் மருத்துவக் கழிவுகளை அகற்றும் தூய்மைப் பணியாளர்களுக்கும் பயன்படுத்திய ஊசி தவறுதலாகக் குத்திவிடுவது அரிய நிகழ்வு அல்ல. உலகிலுள்ள சுமார் 3.5 கோடி மருத்துவப் பணியாளர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் ஆண்டுதோறும் இத்தகைய காயங்களால் ரத்தத்தின் வழியே பரவும் கிருமிகளை எதிர்கொள்வதாக உலக சுகாதார அமைப்பு 2002-ஆம் ஆண்டில் மதிப்பிட்டது.

காயத்தின் வலி சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால், எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற கவலை வாரக்கணக்கில் நீடிக்கும். வேலை போய்விடுமோ, பிறர் தவறாக நினைப்பார்களோ என்று அஞ்சிப் பலர் வெளியே சொல்வதில்லை. தொற்றைத் தடுக்கும் மருந்தின் பலன் மணிக்கு மணி குறைவதால், இந்தத் தயக்கமே பெரிய ஆபத்தாகிவிடக் கூடும்.

ஆபத்து எவ்வளவு?

எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் ரத்தம் படிந்த ஊசி குத்தினால், தடுப்பு மருந்து எடுக்காத நிலையிலும் தொற்று ஏற்படும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் 3 மட்டுமே. ஹெபடைட்டிஸ் சி தொற்றுக்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. அதிகம் கவனிக்கப்படாத ஹெபடைட்டிஸ் பி கிருமியே எளிதில் பரவக்கூடியது. தடுப்பூசி போடாதவருக்கு இந்த வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை இருக்கலாம்.

உள்ளே துளையுள்ள ஊசி, ஆழமான காயம், ஊசியில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம், நோயாளியின் உடலில் கிருமியின் அளவு மிகுந்திருத்தல் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். தையல் ஊசி போன்ற துளையற்ற ஊசிகளாலும், கையுறையைக் கடந்து குத்திய ஊசிகளாலும் ஏற்படும் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு.

உடனே செய்ய வேண்டியவை

காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். ரத்தத்தைப் பிதுக்கி வெளியேற்றுவதோ விரலை வாயில் வைத்து உறிஞ்சுவதோ கூடாது. பிளீச்சிங் கரைசல், ஸ்பிரிட் போன்றவற்றை ஊற்றினால் திசுக்கள் பாதிக்கப்படும். கண்ணில் ரத்தம் தெறித்திருந்தால் தூய நீரால் நன்கு கழுவ வேண்டும். பின்னர், பணியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மேலதிகாரியிடமோ தொற்றுத் தடுப்புப் பிரிவிலோ தெரிவிக்க வேண்டும்.

2 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை

'பெப்' எனப்படும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் தவணையை 2 மணி நேரத்துக்குள் எடுப்பது சிறந்தது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு (நாகோ). பரிசோதனை முடிவுக்காக முதல் தவணையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நோயாளிக்குத் தொற்று இல்லை என்பது உறுதியானால், மருத்துவர் மருந்தை நிறுத்திவிடுவார். தேவை இருப்பின் 28 நாள்களும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். குமட்டல், சோர்வு ஏற்பட்டால் தாமாகவே நிறுத்தாமல் மருத்துவரை அணுக வேண்டும்.

ஊசிக் காயம்பட்ட மருத்துவப் பணியாளர்களிடம் நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஆய்வு, ஜிடோவுடின் என்ற ஒரே மருந்து கூடத் தொற்று வாய்ப்பை சுமார் 81 சதவீதம் குறைத்ததாகக் காட்டியது. இன்று மூன்று மருந்துகள் சேர்த்து வழங்கப்படுகின்றன.

ஹெபடைட்டிஸ் பி, சி

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணைகளாகப் போடப்படுகிறது. அதனால் போதிய எதிர்ப்பாற்றல் உருவானவருக்கு இந்தக் காயத்தால் கவலை இல்லை. போடாதவருக்குத் தடுப்பூசியை உடனே தொடங்குவதுடன், நோயாளிக்குத் தொற்று இருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். இதை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. இந்தியாவில் குழந்தைகளுக்கான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டது 2011-இல்தான். எனவே, குழந்தைப் பருவத்தில் போட்டிருப்பார்கள் என்று இன்றைய பணியாளர்கள் எண்ணிவிட முடியாது.

ஹெபடைட்டிஸ் சி கிருமிக்குத் தடுப்பூசி இல்லை. எனினும், தொற்று உறுதியானால் பெரும்பாலும் 12 வார மாத்திரைச் சிகிச்சையில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். 2018 ஜூலை 28-இல் தொடங்கப்பட்ட தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

பரிசோதனையும் காத்திருப்பும்

காயம்பட்ட உடனே எடுக்கும் ரத்தப் பரிசோதனை, அந்த ஊசியால் தொற்று வந்ததா என்பதைக் காட்டாது. முன்பே தொற்று இருந்ததா என்பதையே காட்டும். பின்னாளில் இழப்பீடு கோர நேர்ந்தால் இது முக்கியச் சான்றாகும். அதன்பின் 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என மருத்துவர் கூறும் கால அட்டவணைப்படி மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

இக்காலத்தில் ஆணுறை பயன்படுத்துவதும் ரத்ததானத்தைத் தவிர்ப்பதும் அவசியம். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்போரும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வீட்டில் ஒன்றாக உண்பதற்கும், குழந்தைகளைத் தூக்குவதற்கும், வழக்கமான பணிக்குச் செல்வதற்கும் தடையில்லை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தாலே எச்.ஐ.வி. என்று முடிவு செய்துவிடக் கூடாது. உரிய காலத்துப் பரிசோதனையே விடை தரும். உறக்கமின்மை, ஓயாத அச்சம் தொடர்ந்தால் மனநல ஆலோசனை பெறலாம். நாகோவின் கட்டணமில்லா உதவி எண்: 1097.

குப்பையில் கிடந்த ஊசி என்றால்?

உடலுக்கு வெளியே எச்.ஐ.வி. கிருமி விரைவில் வலுவிழப்பதால், குப்பையில் கிடந்த ஊசி குத்தி அது பரவும் வாய்ப்பு மிகவும் குறைவு. ஆனால், ஹெபடைட்டிஸ் பி கிருமி உலர்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள்கள் உயிர்த்திருக்கும். எனவே தூய்மைப் பணியாளர்களும் உடனே மருத்துவரை நாட வேண்டும். ஊசியைப் பரிசோதனைக்கு எடுத்துச் செல்லத் தேவையில்லை.

சட்டம் தரும் பாதுகாப்பு

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்று அபாயமுள்ள நிறுவனங்கள் பணியாளர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்கள், பயிற்சி, 'பெப்' மருந்து ஆகியவற்றை வழங்க வேண்டும் என்கிறது. ஒப்புதலின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதையும், தொற்று நிலையை வெளியிடுவதையும், தொற்றைக் காரணம் காட்டிப் பணியில் பாகுபாடு காட்டுவதையும் அச்சட்டம் தடுக்கிறது.

கூர்மையான கழிவுகளைத் துளைக்க முடியாத வெள்ளை நிறக் கொள்கலனில் சேர்க்க வேண்டும், கழிவைக் கையாள்வோருக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் வலியுறுத்துகின்றன. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல் இருப்பதும், பணியில் சேரும்போதே தடுப்பூசியை முடித்துக்கொள்வதும் இத்தகைய காயங்களையும் அவை தரும் கவலையையும் பெருமளவு குறைக்கும்.