சுற்று நேரமும் தமிழ்நாட்டுக் கார்ப் பந்தயமும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரையுள்ள தொலைவு ஏறக்குறைய 4 கி.மீ. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் ஒரு சுற்றும் கிட்டத்தட்ட அவ்வளவே, துல்லியமாக 3.717 கி.மீ. அதை ஒருவர் 100 நொடியில் முடித்தால் சராசரி வேகம் மணிக்கு 134 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ரசிகர்கள் இந்த வேகத்தைவிட அந்த 100 நொடியைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். நேர்பாதையில் எட்டும் உச்ச வேகம் பெரும்பாலும் எஞ்சினின் பலத்தைச் சொல்லும். எங்கே பிரேக் பிடித்தார், வளைவில் எவ்வளவு துணிந்தார் என்பதெல்லாம் சுற்று நேரத்தில்தான் பதிவாகும்.

தமிழகத்தில் இந்த ரசனை வளர்ந்த இடம் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கு நடத்திய பந்தயங்களுக்கு மக்கள் திரளாக வந்தனர். 1990 வாக்கில் பந்தயங்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு மாறின. தடம் மாறியதும் பழைய நேரங்கள் ஒப்பீட்டுக்குப் பயனற்றுப் போயின. ஒரே தடம், ஒரே அமைப்பு என்றால்தான் நேற்றைய ஓட்டுநரோடு இன்றைய ஓட்டுநரை ஒப்பிட முடியும்.

வண்டி வேறுபாடும் ஒரு சிக்கல். பணமுள்ளவரிடம் வேகமான கார் இருக்கும். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினைப் பொருத்தி ஒரே மாதிரியான 'ஃபார்முலா மாருதி' கார்களை உருவாக்கினார். கார் ஒன்றே என்றால் நேர வித்தியாசம் பெரும்பாலும் ஓட்டுநருடையது. நம் நாட்டுப் பந்தய வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள வேலை குறைவு என்பது என் கருத்து. அவர் 1995இல் காலமானார். கோவையிலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்றில் பங்கேற்ற முதல் இந்தியரானார். அதே ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம் பெற்றார். டயர் பிரச்சினையால் அன்று ஆறு கார்களே ஓடின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுற்று நேரம் எவ்வளவு கடுமையானது என்பதை அவர் 2011இல் மெல்போர்னில் கண்டார். அந்த ஆண்டு 107 விழுக்காடு விதி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. முதல் தகுதிச் சுற்றில் மிக வேகமானவர் 100 நொடி எடுத்தால், மற்றவர்கள் 107 நொடிக்குள் ஒரு சுற்றாவது முடித்திருக்க வேண்டும். முன்னோட்டமே பார்க்காத புதிய காருடன் வந்த எச்ஆர்டி அணியின் இருவரும் அந்த எல்லைக்கு வெளியே நின்றனர். ஞாயிற்றுக்கிழமை நரேன் பந்தயத்தில் இல்லை.

இன்னொரு முனையில் 1997 ஜெரெஸ் தகுதிச் சுற்று. வில்நெவ், மைக்கேல் ஷூமாக்கர், ஃபிரென்ட்சன் மூவரும் ஒரே நேரம்: 1 நிமிடம் 21.072 நொடி. அந்தச் சராசரி வேகத்தில் ஒரு கார் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் 5 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். அந்த அளவுகூட மூவரையும் பிரிக்கவில்லை. முதலில் அந்த நேரத்தைப் பதித்ததால் வில்நெவுக்கு முதல் இடம் கிடைத்தது.

2011 அக்டோபரில் நொய்டா அருகே புத் தடத்தில் முதல் இந்தியக் கிராண்ட் பிரீ நடந்தது. நரேன் 17ஆவதாக, தன் அணித்தோழர் டேனியல் ரிக்கியார்டோவுக்கு முன்னால் முடித்தார். வென்ற செபாஸ்டியன் வெட்டல் அன்று ஓடிய வேகமான சுற்று 1 நிமிடம் 27.249 நொடி. 2013க்குப் பிறகு அங்கு ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கவில்லை. அந்த நேரம் இன்னும் முறியடிக்கப்படாமல் இருக்கிறது.