போகிப் புகையின் கதை

போகி நெருங்குகிறது. நம் செங்கல்பட்டுக் காற்றின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

என் சிறுவயதில் போகித் தீயில் விழுந்தவை கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம், மக்கிய கூரை ஓலை. எல்லாம் மண்ணில் விளைந்தவை. வைக்கோலை எரிக்க மாட்டோம், அது மாட்டுக்கு. பிறகுதான் டயரும் பிளாஸ்டிக்கும் வந்தன. தீ பழையது; புகைதான் புதியது.

மார்கழிக் கடைசியில் விடியற்காலை தரை குளிர்ந்து கிடக்கும். சற்று மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கும். புகை மேலெழ வழியில்லை. மாமல்லபுரத்துக் கடற்காற்றும் அந்நேரம் கைகொடுக்காது. வெயில் ஏறித் தரை சூடான பிறகே அது உள்ளே வரும்.

1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. டயர் எரிக்காதீர்கள் என்று போகிதோறும் வேண்டுகோளும் வருகிறது. ஆனாலும் 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தையே மறைத்தன. பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

விமானம் வேறு ஊருக்குப் போய்விடும். மூச்சிரைக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை எங்கே போகும்?

இந்தப் போகிக்கு உங்கள் தெருவில் ஒரு டயரையாவது தீயில் விழாமல் தடுங்கள். எனக்கு அதுவே பொங்கல் சீர்.