கப்பலடிச் சாயத்தின் கதை

கடல் தன்னில் கிடக்கும் எப்பொருளையும் தனியே விட்டுவைப்பதில்லை. மரமாயினும் இரும்பாயினும் சில நாட்கள் உவர்நீரில் கிடந்தால் முதலில் அதன்மேல் வழுவழுப்பான படலம் ஒன்று படிகிறது. அதன்மேல் பாசி படர்கிறது. பின்னர்க் கொட்டலசு வந்து ஒட்டிக்கொள்கிறது. சுண்ணாம்புக் கூம்பு போன்ற ஓடுடைய அச்சிற்றுயிரைப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் படகுத்துறைத் தூண்களில் நம் வாசகர் பார்த்திருப்பர். கை வழுக்கி அதன்மேல் உராய்ந்தவர் மறந்திருக்க மாட்டார். நம்முடையவை போன்ற வெப்பக் கடல்களில் இவ்வுயிர்கள் ஆண்டு முழுவதும் ஓய்வின்றி வளர்கின்றன. கப்பலின் அடிப்புறம் இவற்றால் சொரசொரப்பானால் வேகம் குன்றும். அதே தூரத்தைக் கடக்க எரிபொருள் மிகுதியாய்ச் செலவாகும். மரக்கலமாயின் இன்னொரு பகைவனும் உண்டு. உடலெல்லாம் மென்மையும் தலையில் ஓர் அரமும் கொண்ட கப்பற்புழு, பலகையின் வெளிமுகத்தில் ஊசித்துளை மட்டும் காட்டிவிட்டு உள்ளே முழுவதையும் தின்றுவிடும்.

இதற்கு மனிதன் கண்ட முதல் மருந்துகள் எளியவை. அரபிக் கடலோரத்தார் சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்துத் தோணியடியில் பூசினர். நம் நெய்தல் நிலத்து மீனவர்க்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. கட்டுமரத்தைக் கரையேற்றிக் கட்டவிழ்த்து வெயிலில் உலர்த்திவிட்டால் ஒட்டியது செத்து உதிர்ந்துவிடும். ஆனால் மாதக்கணக்கில் நீரைவிட்டு எழாத பெருங்கப்பலுக்கு இம்முறை எங்ஙனம் உதவும்?

1761 இல் ஆங்கிலேயர் தம் கடற்படையின் 'அலாரம்' என்னும் சிறு போர்க்கப்பலின் அடியில் மெல்லிய செப்புத்தகடு பொருத்தி மேற்கிந்தியக் கடலுக்கு அனுப்பினர். இரண்டாண்டு கழித்துத் திரும்பிய கப்பலைச் சோதித்தவர்கள் மகிழ்ச்சியும் திகைப்பும் ஒருங்கே அடைந்தனர். செம்பு இருந்த இடத்தில் புழுவும் இல்லை, பாசியும் இல்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் அரித்துக் கூழாகியிருந்தன. தகட்டைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் எங்கெங்கே கிழியாமல் நடுவில் தங்கியிருந்ததோ, அங்கங்கே மட்டும் ஆணி பழுதின்றி இருந்தது! இரு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அவற்றிடையே மின்சாரம் ஓடும் என்பதை அந்நாளில் யாரும் அறியார். வோல்டா மின்கலம் செய்தது 1800 இல் தான். காரணம் தெரியாமலேயே காகிதத் துண்டொன்று உண்மையைச் சொல்லிவிட்டது. 1779 முதல் சில ஆண்டுகளில் மிடில்டன் என்னும் அதிகாரியின் முயற்சியால் ஆங்கிலக் கடற்படை முழுவதும் செப்பாடை உடுத்தது. இரும்பாணிகளுக்கு மாற்றாகச் செம்பு கலந்த ஆணிகளும் பின்னர் வந்தன.

செம்பு கடலில் மெல்ல மெல்லக் கரைந்து தேய்வது கருவூலத்தாருக்குக் கவலையாயிற்று. அக்காலத்துப் பெரிய இரசாயன அறிஞர் ஹம்ப்ரி டேவியிடம் இக்கவலையை ஒப்படைத்தனர். 1824 இல் அவர் விடை கூறினார்: செப்புத்தகட்டோடு துத்தநாகமோ இரும்போ சிறு துண்டாய்ப் பொருத்துக, அத்துண்டு கரையும், செம்பு கரையாது. அப்படியே நடந்தது. ஆய்வுக்கூடத்திலும் வென்றது, கப்பலிலும் வென்றது. ஆனால் கரையாத செம்பின்மேல் கொட்டலசு கூட்டங்கூட்டமாய்க் குடியேறிவிட்டது! செம்பு கரைவதே அதன் காவல் என்பது அன்றுதான் புலப்பட்டது. கரையும் செம்பின் நஞ்சே சிற்றுயிர்களை விரட்டிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் கடற்படையார் டேவியின் துண்டுகளைக் கழற்றி எறிந்தனர். அவர் கொள்கையில் பிழை காண்பதற்கில்லை. இன்று இரும்புக் கப்பல்கள் துருப்பிடியாமல் காக்கும் துத்தநாகக் கட்டிகள் அக்கொள்கையின் பிள்ளைகளே.

இரும்புக் கப்பல் வந்தபோது சிக்கல் முற்றியது. இரும்பின்மேல் செம்பைத் தைத்தால் என்னாகும் என்பதை 'அலாரம்' முன்பே காட்டியிருந்தது. தகடு ஆகாதெனின் நஞ்சைச் சாயத்தில் குழைத்துப் பூசுவதுதான் வழி. 1863 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டார், வான்சன் என்னும் இருவர் செம்பு ஆக்சைடைத் தாரில் கலந்து செய்த சாயத்துக்கு உரிமை பெற்றனர். கப்பலடி செந்நிறமாய் இருப்பது ஏன் என்று துறைமுகத்தில் நின்று வியப்போர்க்கு விடை இதுவே: செம்பு ஆக்சைடின் நிறம் சிவப்பு. இரும்பைத் தொடாதபடி அடியில் துருத்தடுப்புச் சாயம் ஒன்று பூசி, அதன்மேல் நச்சுச்சாயம் பூசுவர்.

இது கணக்குப்பிள்ளையின் கவலை மட்டும் என்று எண்ணவேண்டா. 1905 ஏப்ரலில் சிங்கப்பூர்க் கரையிலிருந்து மக்கள் ஒரு பெரிய ருஷியக் கப்பற்படை கடந்து செல்வதைக் கண்டனர். பால்டிக் கடலிலிருந்து ஜப்பானை நோக்கிப் புறப்பட்ட அப்படை, மடகாஸ்கரின் வெப்பக் கடலில் வாரக்கணக்கில் தங்கிவிட்டு வந்தது. கப்பல்களின் அடியில் பாசி தாடிபோல் தொங்கியது. மே 27 இல் த்சுஷிமாவில், நன்கு துப்புரவாக்கப்பட்டு விரைந்தோடிய ஜப்பானியக் கப்பல்கள் அதனை அழித்தன. தோல்விக்குக் காரணங்கள் பல. கப்பலடியின் அழுக்கும் அவற்றில் ஒன்று.

சிங்கப்பூரின் உலர்துறைகள் பெருகியதற்கும் இதுவே ஒரு காரணம். செம்பவாங்கில் 1938 இல் திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் உலர்துறை சுமார் 1,000 அடி நீளம். அக்கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளுமாக இந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினர் உழைத்தனர். கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி நீரை இறைத்ததும் தொடங்குவது சுரண்டும் வேலை. ஈரம் காயுமுன் கொட்டலசைச் சுரண்டவேண்டும். காய்ந்தால் கல்லாய் இறுகிவிடும். அந்நாற்றத்தை எந்தச் சரித்திர நூலும் எழுதிவைக்கவில்லை.

தூரிகையால் பூசிவந்த இடத்தில் தெளிப்பான் நுழைந்தது வேகத்தின் பொருட்டு. உலர்துறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நட்டமன்றோ? அழுத்திய காற்றால் சாயம் பீச்சும் முறை சிக்காகோவில் 1893 உலகப் பொருட்காட்சிக் கட்டடங்களை வெள்ளையடித்தபோதே பெயர்பெற்றது. 1950களில் காற்றில்லாத் தெளிப்பான் வந்தது. இதில் சாயத்தையே சதுர அங்குலத்துக்கு 2,500 இராத்தலுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், அரை மில்லிமீட்டர் அளவான துளைவழியே தள்ளுகின்றனர். அது விசிறிபோல் விரிந்து படிகிறது. காற்றுத் தெளிப்பானைவிட இதில் வீணாகும் புகைமூட்டம் குறைவு. ஆனால் முற்றும் இல்லாமலில்லை. செம்பு ஆக்சைடு கனமானதாகையால் கலக்கிக்கொண்டே இராவிட்டால் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை அடித்தவன் நிறத்தை மட்டுமே பூசியவனாவான். இன்னொரு செய்தியை இத்தொழிலில் இருப்போர் கட்டாயம் அறிதல் வேண்டும். துளையின் முன் விரல் பட்டால் சாயம் தோலைத் துளைத்துச் சதைக்குள் பாய்ந்துவிடும். வெளியே முள் குத்தியதுபோல்தான் தோன்றும், வலியும் முதலில் சிறிதே. ஆயினும் உடனே அறுவை மருத்துவரிடம் செல்லவேண்டும். காலம் தாழ்த்தி விரலை, சிலர் கையையே, இழந்திருக்கின்றனர்.

தோட்டங்களில் லாலாங்குக்கு மருந்தடித்த பம்பைத் தோளில் சுமந்தவர்க்கு மற்றொன்றை நாம் விளக்க வேண்டியதில்லை. செடியை நோக்கி அடித்தது காற்றில் யார்மேல் வந்து படியும் என்பதை அவர் அறிவர். கப்பலடியிலும் அதே கதை. மேலும் 1960கள் முதல் செம்போடு கூட, வெள்ளீயத்திலிருந்து செய்த 'டிரைபியூட்டைல் டின்' என்னும் நஞ்சு சாயத்தில் சேர்ந்தது. 1970களில் வந்த புதுவகைச் சாயம் கடல்நீர் பட்டுப் படலம் படலமாய்த் தானே தேய்ந்து புதுமுகம் காட்டும். ஐந்தாண்டுவரை கப்பலைத் துறைக்குக் கொணர வேண்டியதில்லை. கப்பல் முதலாளிகள் கொண்டாடினர்.

பிரான்சின் தென்மேற்கில் ஆர்க்கஷோன் விரிகுடா சிப்பி வளர்ப்புக்குப் பேர்போனது. அங்கே இன்பப்படகுகளும் மிகுதி. 1977 முதல் சில ஆண்டுகள் சிப்பிக்குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்தவற்றின் ஓடுகள் தடித்துப் பந்துபோல் உருக்குலைந்தன. வளர்த்தோர் குடும்பங்கள் நொடித்தன. படகடிச் சாயமே காரணமென்று அல்சியூ முதலிய அறிஞர்கள் காட்டினர். 1982 இல் பிரெஞ்சு சர்க்கார் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அச்சாயத்தைத் தடுத்தது. விரைவிலேயே குஞ்சுகள் மீண்டும் பிழைத்தன. இங்கிலாந்தின் பிளிமத்தில் பிரையன், கிப்ஸ் என்போர் 1986 இல் வேறொன்றை நிறுவினர். கடல்நத்தையின் பெண்களுக்கு ஆணுறுப்பு முளைத்து, முட்டை வெளிவரும் வழி அடைபட்டு, அவை மாண்டன. அதற்குப் போதுமான நஞ்சு, ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஓரிரு பங்கு!

சிப்பிக்குப் பேச ஆளிருந்தது. அதை விற்று உண்டோர் பேசினர். அதே நஞ்சை மூக்கருகே வைத்துப் பீச்சியவனுக்காக அவ்வளவு உரத்த குரல் எழுந்ததாக நாம் காணவில்லை. கண்ணெரிவும் தோற்புண்ணும் தொழிலோடு பிறந்தவை என்று எண்ணிவிட்டனர் போலும்.

உலகக் கப்பல்கள் அனைத்துக்குமான உடன்படிக்கை 2001 இல் இலண்டனில் எழுதப்பட்டு 2008 செப்டம்பர் 17 இல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் அதில் சேர்ந்தன. 2023 இல் சிபுட்ரின் என்னும் மற்றொரு நஞ்சையும் அதே உடன்படிக்கை விலக்கியது. செம்புச்சாயம் இன்றும் பெருவழக்கில் உள்ளது. நஞ்சே இல்லாமல் வழுக்கலால் மட்டும் ஒட்டவிடாத சிலிக்கோன் பூச்சும் சில கப்பல்களில் ஏறியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து சிங்கப்பூர்க் கப்பல்பட்டறைகளில் உழைக்கும் இளைஞர் கையில் இன்று தெளிப்பான் இருக்கிறது.

பழைய கப்பல்களில் வெள்ளீயச் சாயத்தை அடியோடு நீக்காமல், அதன்மேல் நஞ்சு கசியாதபடி மூடுசாயம் பூசவும் உடன்படிக்கை இடமளித்தது. அத்தகைய அடியை மணல் பீச்சித் தேய்க்கும்போது மறைந்து கிடந்தது தூளாய் எழும். பட்டறைகளை அடுத்த கடலடிச் சேற்றிலும் அந்நஞ்சு தங்கியிருக்கிறது. வெளிச்சமும் காற்றும் புகாத இடத்தில் அது பல்லாண்டு சிதையாது. துறைமுகத்தைத் தூர்வாரும்போது மறுபடியும் நீரில் கலக்கிறது.