கோயில் கதவும் சமாதானக் கூட்டமும்: மரக்காணம் முதல் மேல்பாதி வரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் வெள்ளை வெளேரென்று கிடக்கும் உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். தை, மாசியில் தொடங்கி மழை பிடிக்கும்வரை அங்கே உப்பு வாருகிற வேலை நடக்கிறது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே பாத்தியில் இறங்க வேண்டும். வாரிய உப்பைக் கூடையில் சுமந்து கரையேற்றுவதில் பெண்களின் உழைப்பு பெரிது. அந்த உப்பு கோயில் மடைப்பள்ளிக்கும் போகிறது, ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழிலும் கரைகிறது. உப்புக்குத் தீட்டு இல்லை. அதை வாரிய கைக்கு மட்டும் தீட்டு உண்டு என்று சொல்லும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் இன்றும் இருக்கின்றன.

இந்தத் தீட்டின் வரலாற்றைத்தான் இங்கே பேசப் போகிறோம். நாம் வந்து சேரும் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வழிபாட்டு இடத்தின் கதவு பக்தியால் அடைக்கப்பட்டதும் இல்லை, யாருடைய பெருந்தன்மையாலும் தானாகத் திறந்ததும் இல்லை. 'ஊர்' என்றால் யார் என்ற கேள்விக்கு ஆதிக்கச் சாதிகள் எழுதி வைத்திருக்கும் பதில்தான் அந்தக் கதவு.

ஊரும் சேரியும்

மரக்காணம் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இங்குள்ள பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உப்பு விளையும் இடத்தை அக்காலத் தமிழ் 'அளம்' என்றது. உப்பளம் என்ற நம் சொல்லில் அது இன்றும் வாழ்கிறது. கல்வெட்டுகளில் அரசர்களின் பெயரும் கொடை கொடுத்தவர்களின் பெயரும் நிற்கும். உப்பு வாரியவர்களின் பெயரைக் கல்லில் வெட்ட யாரும் ஆளனுப்பவில்லை.

ஆனால் நாம் எங்கே வைக்கப்பட்டோம் என்பதைக் கல்வெட்டுகள் மறைக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடும்போது ஊர் நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியாகக் குறிப்பிடுகின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்ற வரைபடத்துக்கு ஆயிரம் ஆண்டு வயது.

இன்று அந்த வரைபடத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்பது திருவிழா. சாமி ஊர்வலம் எந்தத் தெருவரை வருகிறது, எந்த முனையில் திரும்பிவிடுகிறது என்று பாருங்கள். யாருக்குப் பரிவட்டம் கட்டுகிறார்கள், யாரிடம் தலைக்கட்டு வரி வாங்குகிறார்கள் என்று பாருங்கள். "உங்களிடம் வரி வேண்டாம்" என்பது சலுகை போலக் கேட்கும். வரி கொடுக்காதவருக்குத் திருவிழாவில் பங்கில்லை, பங்கில்லாதவர் ஊர்க்காரர் இல்லை என்பதே அதன் பொருள். மதச் சடங்கில் ஒரு சமூகம் தன்னைத்தானே வணங்கிக்கொள்கிறது என்று 1912-இல் எழுதினார் சமூகவியலாளர் எமில் துர்க்கைம். நம் ஊர்த் திருவிழாவுக்கு அது பொருந்தும். அந்த வணக்கத்தில் யாரை விட்டுவிடுகிறார்கள் என்பதை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1745: புதுச்சேரியில் ஒரு சுவர்

இது இந்து மதத்தோடு முடிகிற கதை இல்லை. மரக்காணத்துக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கிருந்த தேவாலயத்துக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறித்தவர்கள், மறுபக்கம் பறையர் கிறித்தவர்கள். ஒரே பூசை, ஒரே வேதம், நடுவில் சுவர்.

1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் நம் ஆதரவாளர் அல்லர். சாதி ஒழுங்கை நம்பியவர். காரைக்காலிலிருந்து ஒரு பாதிரியார் வந்திருந்தார். ஒடுக்கப்பட்ட கிறித்தவர்கள் கூட்டமாக அவரிடம் போய், எல்லோரும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை மட்டும் ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று நியாயம் கேட்டார்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி அது. சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

பாதிரியார் சுவரை இடித்தார் என்று இதைச் சுருக்கிவிடலாம். அப்படிச் சுருக்கினால், கூட்டமாகப் போய்க் கேட்டவர்கள் வரலாற்றிலிருந்து காணாமல் போய்விடுவார்கள். அவர்கள் கேட்காதிருந்தால் அந்தச் சுவர் அன்று இடிந்திருக்காது.

ஒரு சுவர் இடிந்ததால் தேவாலயத்துக்குள் சாதி ஒழிந்துவிடவில்லை. அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்ட தலித் கிறித்தவர்கள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டார்கள். அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இருபுறமும் நின்றவர்கள் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள்.

"அந்தக் கோயில் நமக்கு எதற்கு?"

நாங்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகளில் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நம்மை வேண்டாம் என்கிற சாமியிடம் போய் ஏன் நிற்க வேண்டும்? கல்வி, நிலம், வேலை என்று போராடலாமே? இது நியாயமான கேள்வி. நம் முன்னோர்களே இதைக் கேட்டிருக்கிறார்கள்.

1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டிதர் அயோத்திதாசர், சிவன், விஷ்ணு கோயில்களில் நம் மக்களை ஏன் அனுமதிப்பதில்லை என்று கேட்டார். உங்களுக்கு மதுரை வீரன், காட்டேரி, கருப்பண்ணன் இருக்கிறார்களே, எங்கள் சாமிகள் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று சொன்ன பண்டிதர், அதே இடத்தில் இலவசக் கல்வியையும் தரிசு நிலத்தையும் கேட்டார். நமக்கு வடக்கே இருக்கும் செங்கல்பட்டின் ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, பஞ்சமி நில ஆணை வந்ததும் அதே 1892-இல்தான். 1898-இல் பண்டிதர் பௌத்தம் தழுவினார். கோயிலை மறுப்பதும் நம் மரபு.

அண்ணல் அம்பேத்கர் 1930 மார்ச் 2 அன்று நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தைத் தொடங்கினார். போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது, கதவு திறக்கவில்லை. 1934-இல் எழுதிய கடிதத்தில் அவர் தன் நோக்கத்தைத் தெளிவாக்கினார். நம் மக்கள் சிலை வணங்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய போராட்டம் இல்லை அது. தங்கள் நிலையை அவர்கள் உணர்ந்து எழ வேண்டும் என்பதற்காகத் தொடங்கியது. 1935-இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார்.

இரண்டு பேரும் முதலில் கேட்டார்கள், பிறகு மறுத்தார்கள். அந்த வரிசை முக்கியம். கேட்கிற உரிமை தனக்கு உண்டு என்று நிலைநாட்டியவர் மறுக்கும்போது அது ஒரு முடிவு. "வராதே" என்று சொன்னதால் ஒதுங்கிப் போனால் அதற்குப் பெயர் மறுப்பு இல்லை. கோயிலுக்குப் போகாமலிருப்பது நம் முடிவாக இருக்கலாம், போகவிடாமலிருப்பது இன்னொருவர் முடிவாக இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். படித்த நாம் சாமியை விட்டு வந்திருக்கலாம். உப்பளத்துக்குப் போகிற நம் அம்மாக்கள் விடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்கிறார்கள், வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் நம்பிக்கையை மூடத்தனம் என்று தள்ளிவிட்டு அவர்களுக்கான உரிமையைப் பேச முடியாது.

சட்டம் வந்தது, நம் பக்கத்திலிருந்தே

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் தலைமையில் நுழைந்தவர்களில் கக்கனும் இருந்தார். அய்யரின் பெயரைப் பாடப்புத்தகம் சொல்லும். அடி விழலாம் என்று தெரிந்தே உள்ளே கால் வைத்த தலித் தோழர்களின் பெயர்களை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும். அதன்பின் அதே ஆண்டில் வந்த சட்டத்தின் பெயரிலேயே 'அனுமதி', 'பாதுகாப்பு' என்ற இரண்டும் இருந்தன. கதவைத் திறந்துவிட்ட நிர்வாகிகள் மீது வழக்கு வராமல் காப்பாற்றுவதே அந்தப் பாதுகாப்பு.

1947-இல் வந்த கோயில் நுழைவு அனுமதிச் சட்டம்தான் சென்னை மாகாணம் முழுவதற்கும் கோயில்களைத் திறந்தது. அப்போது மாகாணத்தின் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அவருடைய ஓமந்தூர் நம் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர். பிறகு அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. ஆக, நம் மாவட்டத்துக்குச் சட்டம் புதிதில்லை. அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

திருவிழா நாளும் தீ வைத்த நாளும்

2013 ஏப்ரல் 25, சித்ரா பௌர்ணமி. மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கமும் பாட்டாளி மக்கள் கட்சியும் சித்திரை முழுநிலவு விழா நடத்தின. அங்கே போகும் வண்டிகள் மரக்காணம் வழியாகச் சென்றன. வழியில் மூண்ட மோதலில் கட்டையன்தெரு தலித் குடியிருப்பில் வீடுகள் எரிக்கப்பட்டன.

சித்ரா பௌர்ணமி நம் வீடுகளிலும் நல்ல நாள்தான். ஒரே முழுநிலவு ஒரு தரப்புக்குச் சாதி பலத்தைக் காட்டும் நாளாகவும், இன்னொரு தரப்புக்கு வீடு எரிந்த நாளாகவும் ஆனது. மதமும் சாதி அரசியலும் தனித்தனி என்று நினைப்பவர்கள் அந்தச் சாலையை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

மேல்பாதி: சீல் வைக்கப்பட்ட அம்மன்

பத்து ஆண்டுகள் கழித்து, இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி. அங்குள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரல் 7 அன்று, திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர் தாக்கப்பட்டார். அதிகாரிகள் பல சுற்று சமாதானக் கூட்டம் நடத்தினார்கள். சாதி இந்துக்கள் இறங்கி வரவில்லை. ஜூன் 7 அன்று வருவாய்த் துறையினர் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள்.

எந்தச் சட்டத்தின்கீழ் என்று தோழர்கள் கவனிக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 145-ஆவது பிரிவு. நிலம் அல்லது நீர் யார் கையில் இருப்பது என்ற தகராறால் அமைதி கெடும் என்று தோன்றும்போது பயன்படுத்தும் பிரிவு அது. இன்றைய புதிய சட்டத்தில் அதுவே 164-ஆவது பிரிவு. 17-ஆம் பிரிவின்படி குற்றமான தீண்டாமை, அதிகாரிகளின் மேசையில் வரப்புத் தகராறாக மாறிவிட்டது. வரப்புத் தகராறில் இரண்டு தரப்பு உண்டு, இரண்டையும் சமமாக உட்கார வைத்துப் பேசலாம். தீண்டாமையில் ஒருவர் குற்றம் செய்தவர், மற்றவர் பாதிக்கப்பட்டவர். இந்த வேறுபாட்டைச் சமாதானக் கூட்டம் அழித்துவிடுகிறது.

நீதிமன்றத்துக்குப் போன பிறகு 2024 மார்ச் 22 அன்று கோயில் திறக்கப்பட்டது, பூசாரிக்கு மட்டும். பொதுமக்கள் யாருக்கும் அனுமதி இல்லை. 2025 ஏப்ரல் 17 அன்றுதான் போலீஸ் பாதுகாப்போடு தலித் மக்கள் உள்ளே போய் வழிபட்டார்கள். 1947 சட்டம் வந்து 78 ஆண்டுகள் ஆகியிருந்தன.

யாருடைய கோயில் அது என்பதையும் யோசியுங்கள். திரௌபதி வழிபாடு செஞ்சியை மையமாகக் கொண்ட நம் வட்டாரத்தில்தான் ஆழமாக வேரூன்றியது. விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். சபைக்கு இழுத்து வரப்பட்ட திரௌபதி பெரியவர்களைப் பார்த்து நியாயம் கேட்பாள். பீஷ்மர் முதல் எல்லோரும் தலை குனிந்து இருப்பார்கள். அதைப் பார்த்து ஊரே கண்ணீர் விடும். இந்த வட்டாரத்தின் பல திரௌபதி கோயில்களில் முத்தால் ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரர் காவல் தெய்வமாக இருக்கிறார். வேறு மதத்தவருக்கு அம்மன் பக்கத்தில் இடம் கொடுத்த மரபு அது. அந்த மரபில், அதே ஊர்க் காலனிக்காரருக்கு வாசல்படிகூட இல்லை என்று சொல்வதற்கு ஆகமமும் இல்லை, ஐதீகமும் இல்லை. சாதி மட்டுமே இருக்கிறது.

அடுத்த சமாதானக் கூட்டத்துக்குப் போகும் முன்

இந்த வரலாறு நமக்குக் கையில் தருவது இதுதான். சமாதானக் கூட்டத்துக்கு அழைத்தால் போங்கள், ஆனால் புகாரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு, பொது வழிபாட்டு இடத்தில் நுழைவதையும் ஊர்வலத்தில் பங்கேற்பதையும் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை தண்டனை உண்டு. "இது எங்கள் தனிக் கோயில்" என்று சொன்னால், இந்து சமய அறநிலையத் துறையின் ஆவணத்தை எழுத்தில் கேளுங்கள். ஊர்வலம் எந்த முனையில் திரும்புகிறது, தலைக்கட்டு வரி யாரிடம் வாங்கப்படவில்லை என்று தேதியோடு குறித்து வையுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்ததால் 1745 நமக்குக் கிடைத்தது. நம் காலத்தை நாமே எழுதி வைக்க வேண்டும்.

உள்ளே போன பிறகு கும்பிடுவதா, திரும்பி வருவதா, புத்தரிடம் போவதா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். அதை வாசலில் நின்று இன்னொரு சாதி முடிவு செய்ய முடியாது.

ஜெய் பீம்.