சினங்கொண்ட தேவியும் வழியடைத்த பாறையும்

தமிழில் பழி என்னும் சொல் இரு முனை உடையது. ஒருவர் இழைத்த தீங்கு அவர்மேல் நிற்கும்போது அதனைப் பழி என்கிறோம். தீங்குற்றவர் அதற்கு ஈடாகத் திருப்பிச் செய்வதையும் பழி வாங்குதல் என்றே வழங்குகிறோம். முதற்பழி இல்லாமல் இரண்டாம் பழி தோன்றுவதில்லை என்னும் உண்மையை இச்சொல் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டு பிற மாநிலத்தில் வாழும் நாம், ஜப்பானியரின் பழங்கதைகளைப் படிக்குந்தோறும் இச்சொல்லையே நினைத்துக்கொள்கிறோம்.

ஜப்பானியர் படைக்கும் உயிரூட்டச் சித்திரத் தொடர்கள் அனிமே எனப்படும். தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இன்று அவற்றை விரும்பிக் காண்கின்றனர். அவற்றுள் மிகவும் பெயர்பெற்ற ஒன்று நருட்டோ. மசாஷி கிஷிமோட்டோ என்பவர் 1999 முதல் 2014 வரை வார இதழ் ஒன்றில் வரைந்த சித்திரக்கதையே இதற்கு மூலம். 2002இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர், இரண்டு பகுதிகளாக 720 நிகழ்ச்சிகள் ஓடி, 2017 மார்ச்சு மாதத்தில் நிறைவுற்றது. இக்கதையின் பெரும்போரில் இறுதியாக எதிர்ப்படும் பகை அரக்கன் அல்லன். காகுயா என்னும் தேவி. தெய்வம் எவ்வாறு வில்லனாகும் என்று பிள்ளைகள் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடை காண 1300 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

முதலில் தொடர் கூறும் கதையைச் சுருக்கமாகக் காண்போம். வேற்றுலகிலிருந்து மண்ணுலகுக்கு வந்தவள் காகுயா. போர் ஓயாத நாட்டில் தெய்வ மரம் ஒன்றின் கனியை உண்டு, அளவிறந்த ஆற்றல் பெற்று, போர்களை அடக்கினாள். மக்கள் அவளை முதலில் தேவி என்று தொழுதனர்; பின்னர்ப் பேய் என்று அஞ்சினர். அவளும் மக்களை முடிவற்ற மயக்கத்தில் ஆழ்த்தி அம்மரத்தோடு பிணைத்தாள். அவள் பெற்ற புதல்வர் இருவரே அவளை எதிர்த்துப் போரிட்டு, பெரும் பாறைக் கோளம் ஒன்றினுள் சிறைசெய்தனர். அக்கோளமே நிலா என்பது கதை. நெடுங்காலத்துக்குப் பின் அவள் மீண்டு வருகிறாள். நருட்டோவும் தோழர்களும் மறுபடியும் அவளை அடைத்துவிடுகின்றனர். இரு முறையும் அவள் கொல்லப்படுவதில்லை, அடைக்கப்படுகிறாள். இதனை நினைவிற் கொள்க.

காகுயா என்னும் பெயர், மூங்கில் வெட்டுபவனின் கதை என்று வழங்கும் தொன்மையான ஜப்பானிய உரைநடைக் கதையிலிருந்து எடுக்கப்பட்டது. மூங்கிலின் கணுவினுள் கிடைத்த சிறுமி பேரழகியாக வளர்கிறாள். தன்னை மணக்க வந்த ஐவருக்கும் செய்ய இயலாத பணிகளை இடுகிறாள். அவற்றுள் ஒன்று, இந்தியாவிலுள்ள புத்தரின் பிச்சைப் பாத்திரத்தைக் கொண்டுவருவது! இறுதியில் அவள் இறகாடை அணிந்து, மண்ணுலகப் பற்றுகளை மறந்து, நிலவுலகம் திரும்புகிறாள். இப்பழங்கதையில் அவளிடம் பகையும் இல்லை, பழியும் இல்லை. அவ்வாறாயின், தொடரில் வரும் காகுயாவின் சினம் எங்கிருந்து வந்தது? தொடரே ஒரு குறிப்புத் தருகிறது. ஓர் உலகிலிருந்து மற்றோர் உலகுக்கு வாயில் திறக்கும் அவளது வித்தையின் பெயர் யோமொட்சு ஹிராசகா. இறந்தோர் உலகின் எல்லையாகப் பழைய நூல்கள் கூறும் சரிவின் பெயர் அது. அச்சரிவில் நின்று சினந்தவள் வேறொரு தேவி. அவள் பெயர் இஸனாமி.

இஸனாமியின் வரலாற்றைக் கூறும் முதல் நூல், கி.பி. 712இல் ஓ நோ யாசுமாரோ தொகுத்துப் பேரரசி கெம்மேயிடம் அளித்த கொஜிகி. இஸனாகியும் இஸனாமியும் கணவன் மனைவியர். ஜப்பானின் தீவுகளையும் தெய்வங்கள் பலரையும் ஈன்ற தாய் இஸனாமி. தீத்தெய்வத்தை ஈன்றபோது உடல் வெந்து அவள் இறந்தாள். பிரிவாற்றாத இஸனாகி, யோமி என்னும் இறந்தோர் உலகுக்குச் சென்று, மனைவியைத் திரும்ப அழைத்தான். அவ்வுலகின் உணவைத் தான் உண்டுவிட்டதாகவும், ஆயினும் அங்குள்ள தெய்வங்களிடம் கேட்டு வருவதாகவும், அதுவரை தன்னைப் பார்க்கலாகாது என்றும் அவள் கூறி உட்சென்றாள். காத்திருக்கப் பொறாத கணவன், தலைச்சீப்பின் பல் ஒன்றை முறித்துக் கொளுத்தி, அவ்வொளியில் அவளைப் பார்த்தான். அழுகிப் புழு நெளியும் உடலைக் கண்டான், கண்டதும் ஓடினான்.

தன்னை நாணச் செய்துவிட்டான் என்று இஸனாமி கொதித்தாள். யோமியின் பெண்களை ஏவினாள், படையை ஏவினாள், முடிவில் தானே துரத்தி வந்தாள். யோமொட்சு ஹிராசகாவை அடைந்த இஸனாகி, ஆயிரவர் கூடி இழுத்தால் மட்டுமே அசையும் பாறை ஒன்றால் வழியை அடைத்தான். பாறைக்கு இருபுறமும் நின்று இருவரும் உறவை முறித்துக்கொண்டனர். அவன் நாட்டு மக்களுள் நாள்தோறும் 1000 பேரின் உயிரைப் பறிப்பேன் என்றாள் அவள். நாள்தோறும் 1500 பேறுகால மனைகளை எழுப்புவேன் என்றான் அவன். இறப்பினும் பிறப்பு மிகுந்து உலகம் நிலைபெறுவதற்கு ஜப்பானியர் கூறிய காரணம் இது.

இக்கதையில் முதற்பழி யாருடையது? பார்க்காதே என்ற சொல்லை மீறியவன் கணவன். ஈன்ற நோயில் இறந்தவளை, அவள் காட்ட விரும்பாத கோலத்தில் கண்டு, ஒரு சொல்லும் கூறாது ஓடியவனும் அவனே. ஆயினும் நூல் அவனைப் பின்தொடர்ந்தே செல்கிறது. அவன் நீராடித் தூய்மை பெறுகிறான். அந்நீராட்டில் கதிரவன் தேவியாகிய அமதெராசு பிறக்கிறாள். அவள் வழியிலேயே அரச குலம் தோன்றியது என்கின்றனர். இஸனாமியோ பாறைக்கு அப்பால் யோமியின் பெருந்தெய்வமாக நின்றுவிடுகிறாள். நாடுகளை ஈன்ற தாயை அச்சுறுத்தும் உருவாக்கியது அந்தப் பாறைதான்.

எட்டே ஆண்டுகள் கழித்து, 720இல் நிறைவுற்ற நிஹோன் ஷோகி என்னும் அரச வரலாற்றைப் பார்த்தால் வியப்பு உண்டாகிறது. அதன் முதன்மைப் பாடத்தில் இஸனாமி இறப்பதே இல்லை. கணவனும் மனைவியும் கூடியே கதிரவன் தேவியை ஈன்றனர் என்று அது கூறுகிறது. யோமியின் கதை, மாற்றுப் பாடங்கள் என்று தொகுத்த குறிப்புகளில் மட்டும் இடம்பெறுகிறது. ஒரே அரசவையில், ஒரே தலைமுறையில், ஒரே தேவிக்கு இரு வரலாறுகள் எழுதப்பட்டன. அவற்றுள் அச்சம் தரும் வரலாறே மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது.

அம்மாற்றுப் பாடங்களுள் ஒன்று நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது. சரிவில் இருவரும் வழக்கிட்டு நிற்கும்போது, குகுரிஹிமே என்னும் தேவி இடையே வந்து ஏதோ கூறினாள். இஸனாகி அதைக் கேட்டான். நன்று என்று பாராட்டினான். அவ்விடம் விட்டு அகன்றான். அவள் கூறியது யாது என்பதை நூல் எழுதவில்லை! இருவர் நடுவே நின்று ஒருவர் சொல்லை மற்றவர்க்கு எடுத்துரைப்பதே தொழிலாகக் கொண்ட நாம், இவ்விடத்தைக் கடந்து எளிதில் மேற்செல்ல முடிவதில்லை. பாறை செய்த வேலையை ஒரு சொல்லும் செய்திருக்கிறது. ஹகுசான் மலையடிவாரத்துக் கோயிலில் அத்தேவியை ஜப்பானியர் இன்றும் வழிபடுகின்றனர்.

பழியோடு நிற்பவரை அடைத்துவைப்பது ஒரு வழி. அவர் குறையை ஏற்றுச் சிறப்புச் செய்வது மற்றொரு வழி. ஜப்பானியர் வரலாற்றுக் காலத்தில் இரண்டாம் வழியையும் கண்டனர். சுகவாரா நோ மிச்சிசானே என்னும் அறிஞர், அரசவைச் சூழ்ச்சியால் 901இல் தலைநகரிலிருந்து தசாய்ஃபுவுக்கு அனுப்பப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார். 930இல் அரண்மனை மீது இடி விழுந்தபோது, அது அவரது சினமே என்று அரசவை நடுங்கியது. 947இல் கியோத்தோவின் கிட்டானோவில் அவருக்குக் கோயில் எழுந்தது. இடியாக அஞ்சப்பட்டவரே இன்று கல்வித் தெய்வம். தேர்வு எழுதும் மாணவர் அவரை வணங்கிச் செல்கின்றனர்.

இவ்வழி இந்தியாவுக்கும் புதியதன்று. பௌத்த நூல்கள் கூறும் ஹாரீதி, இராசகிருக நகரத்துக் குழந்தைகளைக் கவர்ந்து உண்ட யட்சி. முற்பிறவியில் கருவுற்றிருந்த இடைச்சியாக அந்நகருக்கு வந்தாள். அங்கே நிகழ்ந்த ஆடல் களிப்பில் இழுக்கப்பட்டுக் கருவிழந்தாள். அந்நகர்க் குழந்தைகளை உண்பேன் என்று சூளுரைத்தாள் என்பது அவளது முன்கதை. இங்கும் முதற்பழி நகரத்தாருடையதே. புத்தர் அவளுடைய 500 மக்களுள் கடைசி மகவை ஒளித்துவைத்து, தாயின் துயரத்தை அவளுக்கே உணர்த்தினார். பின்னர் அவளுக்கு உணவும் வழிபாடும் கிடைக்க வழிசெய்தார். குழந்தைகளை உண்டவள் குழந்தைகளின் காவல் தெய்வமானாள். மராட்டிய மாநிலத்தில் வாழும் அன்பர்கள் அஜந்தாவின் 2ஆம் குகைக்குச் சென்றால், சிற்றறை ஒன்றில் அவள் தன் துணைவன் பாஞ்சிகனோடு வீற்றிருப்பதைக் காணலாம்.

ஹாரீதி பௌத்தத்தோடு கடல் கடந்து, ஜப்பானில் கிஷிமோஜின் ஆனாள். தோக்கியோ நகரின் ஸோஷிகயாவில் 1664இல் எழுப்பிய அவளது கோயில் இன்றும் உள்ளது. அங்கே அவள் பெயரை எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. பேய் என்னும் பொருள்தரும் எழுத்தின் உச்சியில் கொம்புபோல் நிற்கும் சிறு கோட்டை விட்டுவிட்டு எழுதுகின்றனர். அவள் கொம்பைத் துறந்துவிட்டாள் என்பது கருத்து.

இனி இஸனாமியிடமே திரும்புவோம். குமானோ நாட்டில் அவளை அடக்கம் செய்தனர் என்றும், அவ்வூரார் மலர்களாலும் குழல், முழவு, ஆடல்களாலும் அவளை வழிபடுவர் என்றும் நிஹோன் ஷோகியின் மாற்றுப் பாடம் ஒன்று கூறுகிறது. மியே மாநிலத்துக் குமானோ நகரில் உள்ள ஹனா நோ இவாயா அவ்விடம் என்பர். மலர்க்குகை என்பது அப்பெயரின் பொருள். அங்கே கருவறை இல்லை. ஏறத்தாழ 45 மீட்டர் உயர்ந்த பாறையே தெய்வம். ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி 2ஆம் நாளும் அக்டோபர் 2ஆம் நாளும், ஊரார் கூடி வைக்கோலால் திரித்த நெடுங்கயிற்றைப் பாறையின் உச்சியிலிருந்து இழுத்துக் கட்டி, அதில் மலர்களைத் தொங்கவிடுகின்றனர்.

கணவன் ஒரு பாறையை இழுத்து வழியடைத்தான். ஊரார் ஒரு பாறைக்கு மலர் சூட்டுகின்றனர். தெய்வம் இரண்டிடத்தும் ஒன்றே. நருட்டோ தொடரை எழுதியவர்கள் முதற்பாறையைத் தெரிந்துகொண்டனர். போர்க்கதைக்கு அது பொருந்தும். ஆனால், அடைக்கப்பட்ட காகுயா மீண்டு வந்தாள் என்பதையும் அவர்களே காட்டியுள்ளனர். கல் காலத்தை நீட்டிக்கும், பழியைத் தீர்க்காது.

ஆதலின், தெய்வம் வில்லனாகலாமா என்று நம் பிள்ளைகள் கேட்குமிடத்து, அத்தேவிக்கு யார் என்ன தீங்கு செய்தார் என்று நாம் அவர்களைத் திரும்பக் கேட்கலாம். விடை தேடும் பிள்ளை, பாறைக்கு மறுபுறம் நிற்பவரின் குரலையும் கேட்கத் தொடங்கும். கொடியவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவரைப் பற்றி, அவர் வீட்டிலிருப்பினும் வீதியிலிருப்பினும், முதற்பழி யாருடையது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவ்வாறே வளரும்.