பாகம் மாறிய பழைய காற்றுத் துப்பாக்கிகள்

வெடிமருந்து இல்லாமல், அழுத்தப்பட்ட காற்றின் விசையால் ஈயக் குண்டைச் செலுத்துவது காற்றுத் துப்பாக்கி. பேச்சு வழக்கில் ஏர் கன். ஒரு துப்பாக்கியின் உடலில் வேறொரு துப்பாக்கியின் கட்டையோ விசையோ குறிமுள்ளோ வந்து சேர்ந்திருந்தால் அதைப் பாகம் மாறியது என்பர். நூறாண்டு கடந்த துப்பாக்கிகளில் எதுவும் மாறாதது அரிது. ஆகவே ‘மாறியிருக்கிறதா’ என்று கேட்டுப் பெரிய பயனில்லை. எது மாறியது, எப்போது மாறியது, யார் மாற்றினார் என்ற மூன்றும்தான் அடையாளத்தையும் விலையையும் தீர்மானிக்கின்றன.

இதை விளக்க இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ. துப்பாக்கிகளைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

பி.எஸ்.ஏ.யும் பொருந்தும் பாகங்களும்

அந்நகரின் துப்பாக்கிக் கொல்லர்கள் 1861இல் ஒன்றுகூடி பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் (பி.எஸ்.ஏ.) என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அதுவரை ஒவ்வொரு துப்பாக்கியும் கையால் அராவிப் பொருத்தப்பட்டது. ஒன்றின் திருகாணி மற்றொன்றில் ஏறாது. இயந்திரத்தில் ஒரே அளவாகக் கடைந்தால் எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தும் என்பதே புதிய நிறுவனத்தின் அடிப்படை. போர்க்களத்துக்கு அது வரமாக அமைந்தது. இன்று பழம்பொருள் வாங்குபவருக்கோ அதுவே தலைவலி: மாறிய பாகம் இடைவெளி காட்டாமல், ஆட்டமில்லாமல், பிறவியிலேயே அங்கிருந்ததுபோல் உட்கார்ந்துவிடுகிறது.

அதே ஊர்க்காரரான ஜார்ஜ் லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904இல் ஒரு காற்றுத் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். குழலை மடக்கும் முந்தைய வகைகளைப் போலன்றி இதில் குழல் அசையாது. அடியில் உள்ள நெம்புகோலை இழுத்தால் சிலிண்டருக்குள் பிஸ்டன் பின்வாங்கி ஸ்பிரிங் இறுகும். தண்ணீர்க் குழாயின் திருகு போன்ற ஒரு சிறு உருளையைத் திருப்பி, அதன் துளையில் குண்டைப் போட்டு மூட வேண்டும். 1905 முதல் பி.எஸ்.ஏ. இதைத் தயாரித்தது. தொடக்ககாலத் துப்பாக்கிகள் சிலவற்றில் லிங்கன் பெயரும், பின்னால் வந்தவற்றில் பி.எஸ்.ஏ. பெயரும் பொறிக்கப்பட்டன. திருத்திய ‘பி’ மாதிரி, 1908 முதல் திருத்திய ‘டி’ மாதிரி என்று வடிவங்கள் தொடர்ந்தன. முதல் உலகப் போரில் நின்ற தயாரிப்பு 1919இல் மீண்டும் தொடங்கி, அடுத்த போர் மூண்ட 1939வரை நடந்தது.

இரண்டாம் போருக்குப் பின் நிறுவனம் பழைய வரிசைக்குத் திரும்பவில்லை. கேடட், ஏர்ஸ்போர்ட்டர் என்று புதியவற்றுக்குப் போய்விட்டது. பழையதை வைத்திருந்தவர்களுக்குப் பாகம் வேண்டுமென்றால் இன்னொரு பழைய துப்பாக்கியைப் பிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டு உடைந்தவை சேர்ந்து ஒன்று ஓடுவதும், மிஞ்சிய பாகங்கள் மூன்றாவதற்குப் போவதும் பட்டறைகளில் அன்றாட வேலை. இன்று சந்தைக்கு வரும் கலவைகளில் பெரும்பங்கு இப்படிப் பிறந்தவையே. ஏமாற்ற நினைத்துச் செய்தவை குறைவு.

அடையாளம் காணும் முறை

முதலில் குண்டு ஏறியிருக்கிறதா, ஸ்பிரிங் இறுகிய நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பழைய விசையை நம்பி நெம்புகோலுக்கு அருகே விரலை நீட்டக் கூடாது, நழுவினால் நசுங்கும்.

பி.எஸ்.ஏ. துப்பாக்கியின் உயிர் சிலிண்டர். மாதிரியின் பெயர் அதன்மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கும். மற்றப் பாகங்கள் அதற்கு ஒத்தவையா என்று பார்ப்பதே ஆய்வு. கட்டையின் அழகைப் பார்த்துத் தொடங்குபவர் வழிதவறுவார். வரிசை எண்ணின் முன்னெழுத்தும் பேசும். இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ‘எல்’ என்பது இலகு வடிவத்தையும், ‘எஸ்’ .22 அங்குலத் தரவடிவத்தையும், ‘சி.எஸ்.’ .177 அங்குலக் கிளப் வடிவத்தையும் குறித்தன. முதற்போருக்கு முந்தைய ‘டி’ மாதிரியே ஏறத்தாழ 39, 43, 45 அங்குலம் என்று மூன்று நீளங்களில் வந்தது. 39 அங்குல உடலில் 45 அங்குலத் துப்பாக்கியின் கட்டை மாட்டியிருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தோளில் வைத்ததும் தெரியும்.

கட்டை எளிதில் மாறும் பாகம். இத்துப்பாக்கிகளில் கட்டை பின்பகுதியோடு நின்றுவிடுகிறது. குழலுக்கு அடியில் மரம் கிடையாது, நெம்புகோல் வெளியே தெரிய ஓடுகிறது. சில திருகாணிகளைக் கழற்றினால் கட்டை கையோடு வந்துவிடும். பழைய கட்டைகளில் பிடியின் இரு பக்கமும், மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய பி.எஸ்.ஏ. சின்னம் அழுத்தப்பட்டிருக்கும். சின்னம் மழுங்கியிருந்தால் மரத்தை யாரோ உப்புத்தாள் போட்டு இழைத்திருக்கிறார்கள். இழைத்த மரம் உலோகத்தின் விளிம்பைவிடத் தாழ்ந்து நிற்கும். விரலால் தடவினால் போதும்.

நெம்புகோலின் பூட்டும் முக்கியம். தொடக்ககால மாதிரிகளில் அதன் முனை துப்பாக்கிச் சனியன்போல் குழலில் மாட்டும் வகை; பின்னவற்றில் அமைப்பு வேறு. விசைப் பகுதியில் முந்தையவற்றுக்கு இரண்டு துளையும் பிந்தையவற்றுக்கு மூன்று துளையும் இருப்பதைச் சேகரிப்போர் எண்ணிப் பார்ப்பார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: தொழிற்சாலையே பழைய மாதிரியின் மிச்சப் பாகங்களைப் புதியதில் போட்டுத் தீர்ப்பது உண்டு. இரு மாதிரிகளின் எல்லைக்கோட்டில் பிறந்த அத்தகைய துப்பாக்கி கலப்படம் அன்று. எல்லாப் பாகங்களும் ஒரே அளவு தேய்ந்து, ஒரே அளவு கறுத்திருந்தால் அவை ஒன்றாகவே மூப்படைந்தவை என்று கொள்ளலாம். பளபளக்கும் விசை ஒன்று துருவேறிய சிலிண்டரோடு நின்றால் அது விருந்தாளி.

திருகாணிகளைக் கழற்றிப் பார்ப்பதில் கிடைக்கும் செய்தி வேறெதிலும் கிடைக்காது. பர்மிங்காமில் 1910இல் செய்த துப்பாக்கியில் மில்லிமீட்டர் புரி இருந்தால் அது பின்னாள் ஒட்டு. தலைவெட்டு சிதைந்திருந்தால் பொருந்தாத திருப்புளியோடு யாரோ மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பிஸ்டனின் தோல் வாஷர், ஸ்பிரிங் இரண்டையும் மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. மிதிவண்டியின் டயர்போல அவை தேய்வதற்கென்றே இருப்பவை. அசல் ஸ்பிரிங் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பெயரே மாறிய துப்பாக்கி

பாகம் மாறாமல் பெயர் மாறியவையும் உண்டு. ஜெர்மனியின் ராஷ்டாட் நகரில் 1890இல் தொடங்கிய மாயர் கிராமெல்ஷ்பாகர் நிறுவனத்தின் முத்திரை டயானா. வேட்டைத் தெய்வம் வில்லை எறிந்துவிட்டுக் காற்றுத் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கி நிற்பாள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் இயந்திரங்கள் இழப்பீடாக எடுத்துச் செல்லப்பட்டு, ஸ்காட்லாந்தின் மதர்வெல் ஊரிலிருந்த மில்பிரோ நிறுவனத்தின் கைக்குப் பெயரோடு சேர்ந்து போயின. 1980களின் தொடக்கம்வரை பிரிட்டனில் டயானா என்றால் ஸ்காட்லாந்துச் சரக்கு. ஜெர்மானிய அசலோ அங்கே ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் விற்றது. ஒரே தோற்றமுடைய இரு குடும்பப் பாகங்கள் இப்படித்தான் கலந்தன. ஜெர்மன் துப்பாக்கியில் ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ எழுத்து இருந்தால் அந்தப் பாகம் 1970க்குப் பிந்தையது. அதை 1950களின் துப்பாக்கி என்று விற்றால் பாகம் மாறியிருக்க வேண்டும். இல்லையேல் சொல் மாறியிருக்கிறது.

மதிப்பிடுதல்

அமெரிக்காவில் 2001இல் வெளிவரத் தொடங்கிய ‘புளூ புக் ஆஃப் ஏர்கன்ஸ்’, மிஞ்சியுள்ள அசல் மெருகின் சதவீதத்தைக் கொண்டு விலை சொல்லும். ஆனால் அது முழுமையான துப்பாக்கிக்கான அளவுகோல். கலவையை அதில் நேரடியாக வைத்துப் பார்ப்பது தவறு.

நடைமுறையில் செல்லுபடியாகும் வழி இது. சிலிண்டர் எந்த மாதிரியோ, அதன் சாதாரண நிலைத் துப்பாக்கியின் விலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து, சரியான பாகங்களைத் தேடி வாங்கிப் பொருத்த ஆகும் செலவைக் கழிக்க வேண்டும். கிடைக்காத பாகமென்றால் கழிவும் பெரிது: குறிமுள் தேடினால் கிடைத்துவிடும், தொடக்ககால நெம்புகோல் எளிதில் கிடைக்காது. கழித்தபின் மிஞ்சுவது, சுடுவதற்கு மட்டும் வாங்குபவர் தரும் விலையைவிடக் குறைந்தால் அந்தப் பிந்தைய விலையே அதன் மதிப்பு. சில நேரம் துப்பாக்கியைவிட அதன்மேல் தவறுதலாக ஏறிய பாகம் விலைமதிப்புள்ளதாக இருக்கும். சாதாரண இலகு வடிவத்தில் அரிய பழைய பார்வைக் கருவி மாட்டியிருப்பது அவ்வகை. அப்போது பிரித்து விற்பதே இலாபம் என்றாலும், பிரிப்பதால் இரண்டு கலவைகள் உருவாகும் அபாயமும் உண்டு.

புதிதாகக் கறுப்பேற்றுவது மதிப்பைக் கூட்டும் என்பது விற்பவர்களின் நம்பிக்கை. உண்மையில் அது பாகங்களின் மூப்பு வேறுபாட்டை அழித்து, ஆய்வுக்கான முக்கியச் சான்றையும் அழிக்கிறது. எண்ணைத் திரும்பப் பொறிப்பது அதனினும் கேடு. பாகம் மாறிய துப்பாக்கி வெறும் குறையுடையது. எண் திருத்திய துப்பாக்கி மோசடி.

மாற்றமே சான்றான ஒன்று

விதிக்கு நேர்மாறான துப்பாக்கி ஒன்று அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் கார்லைல் படை அருங்காட்சியகத்துக்குச் சென்றது. கிரார்டோனி என்பவர் 1780 வாக்கில் ஆஸ்திரியப் படைக்குச் செய்த வகை. கட்டையே காற்றுக் கலம், அதை நிரப்ப ஏறத்தாழ 1,500 முறை பம்பு அடிக்க வேண்டும். 1803–1806இல் அமெரிக்க மேற்கைக் கடந்த லூயிஸ், கிளார்க் பயணத்தில் ஒரு காற்றுத் துப்பாக்கி சென்றது. புறப்பட்ட ஆண்டில் அதைக் கண்ட தாமஸ் ராட்னி, அது 22 குண்டுகளைச் சுடும் என்று நாட்குறிப்பில் எழுதினார். 1805 ஜூனில் அதன் முதன்மை ஸ்பிரிங் உடைந்து, ஷீல்ட்ஸ் என்னும் கொல்லர் புதிது செய்ததை லூயிஸ் பதிந்தார். கார்லைல் துப்பாக்கியில் உள்ள ஸ்பிரிங் அசல் அன்று, குதிரை லாடக்காரரின் அரத்திலிருந்து அடித்தது. அதுதான் லூயிஸின் துப்பாக்கி என்று வாதிடுவோர் முன்வைக்கும் வலுவான சான்றுகளில் ஒன்று இந்த மாற்றுப் பாகமே.

இந்தியச் சட்டம்

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 4.5 மி.மீ. (.177 அங்குலம்) விட்டத்தையும் 20 ஜூல் ஆற்றலையும் எல்லையாக வைக்கின்றன, அதைத் தாண்டினால் உரிமம் வேண்டும். .177 பி.எஸ்.ஏ.யும் .22 பி.எஸ்.ஏ.யும் வெளித்தோற்றத்தில் உடன்பிறப்புகள்; குழல் மாற்றியோ துளை பெரிதாக்கியோ இருந்தால் முத்திரை ஒன்றும் உள்ளே வேறொன்றும் இருக்கும். வாங்குமுன் பொறித்த எண்ணை நம்பாமல், குழலின் துளையை வெர்னியர் கொண்டு அளந்து பாருங்கள்.