மலேசிய ஓப்பன்: ஏழே ஆண்டுகள்

கோலாலம்பூரில், 2009 முதல் 2015 வரை மலேசிய ஓப்பன் டென்னிஸ் போட்டி நடந்தது. ஆடவர்க்கான ஏடிபி தொடரில் நாட்டுக்குக் கிடைத்த அரிய இடம் அது. புக்கிட் ஜாலிலின் புத்ரா உள்ளரங்கில், செப்டம்பர் இறுதியில் ஆட்டங்கள் தொடங்கின.

முதல் பட்டம் ரஷ்யாவின் டேவிடென்கோவுக்கு. மனத்தைத் தைப்பது பிரெஞ்சு வீரர் ஜூலியன் பென்னட்டோவின் கதை: 2012, 2013, 2014 என மூன்று இறுதியாட்டங்களிலும் தோற்றார். 2013இல் முதல் செட்டை 6-2 என வென்று, இரண்டாவதில் வெற்றிப்புள்ளி வரை வந்தும் கோப்பையை ஜோவாவ் சோசாவிடம் இழந்தார். போர்ச்சுகல் வீரர் ஒருவர் வென்ற முதல் ஏடிபி ஒற்றையர் பட்டம் அதுவே. மறுஆண்டு நிஷிகோரி வென்றார்.

2015இல் டேவிட் ஃபெரர் கடைசிக் கோப்பையை ஏந்தினார். 2016இல் அந்த இடம் சீனாவின் செங்டு நகருக்குப் போனது.